நீக்கப்படவிருந்த கட்டுரைக்காகக் கொட்டாஞ்சேனை வரை

கொழும்புக்கு ஊர் சுற்றப் போகிறவர்கள் உண்டு, நகை வாங்கப் போகிறவர்கள் உண்டு. நான் ஒரு கட்டுரையைக் காப்பாற்றப் போனேன். வீட்டில் சொன்னபோது சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் இந்திய வரலாறு, சமூகம் பற்றிச் சம்பளமில்லாமல் எழுதும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. தமிழ்நாட்டிலிருந்து போய்க் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களைப் பற்றி, அந்த ஊரில் வெள்ளவத்தையில் இருக்கும் வாசுகி அக்காவும் நானும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தோம். ஆதாரமாகக் கொடுத்த இணையப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, கோயம்புத்தூர்ப் பயனர் ஒருவர் அதை நீக்கச் சொல்லிக் கோரிக்கை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அச்சில் வந்த நல்ல சான்று ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை போய்விடும். துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனைக் கோயில் விழா மலர் ஒன்றில் இவர்களைப் பற்றி நான்கு பக்கம் வந்திருப்பதாக அக்காவுக்குத் துப்புக் கிடைத்தது. ஆசிரியையான எனக்கோ பள்ளி விடுமுறை. திருச்சியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கிளம்பிவிட்டேன்.

பல வருடமாக உரையாடல் பக்கத்தில் என்னோடு மல்லுக்கு நின்ற அக்காவை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மாதிரி யாரோ வருவார் என்று பயந்திருந்தேன். வந்தவர் மருந்துக்கடை வைத்திருக்கும் கலகலப்பான பெண். எழுத்தில் அத்தனை கறார், நேரில் நான் போதும் போதும் என்றாலும் இடியாப்பத்தின் மேல் சொதி ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடும். வெறும் வயித்தோட சான்று தேட ஏலாது."

சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் ரயிலேறினோம். கோட்டை ரயில் நிலையம் வரை எட்டுக் கிலோமீட்டர், வழியெல்லாம் கடல். இடது பக்கம் நில்லுங்கள், உட்கார இடம் கிடைத்தாலும் உட்காராதீர்கள். கோட்டையில் இறங்கி அக்கா ஆட்டோக்காரரிடம், "மல்லி, கொட்டஹேன கீயத?" என்று சிங்களத்தில் விலை கேட்டார். "அஞ்சூறு தாங்க அக்கா" என்று தமிழில் பதில் வந்தது. அக்கா கொஞ்சமும் அசராமல் தமிழுக்கு மாறிப் பேரம் பேசினார். நானூற்றைம்பதில் முடிந்தது.

மலரைத் தொகுத்த செல்வராஜ் அண்ணன் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, மலரைத் துடைத்து, பக்கத்தைப் பிரித்துப் பெருமையோடு நீட்டினார். அக்கா ஒரு பத்தி படித்தார். பிறகு மலரை என் பக்கம் திருப்பினார். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் கட்டுரையேதான், ஒரு கமா மாறவில்லை. மூன்றாம் பத்தியில் நான் எழுதிய ஒரு வரிக்குப் பின்னால் அக்கா ஒரு காலத்தில் ஒட்டிவைத்த [சான்று தேவை] கூட, அடைப்புக்குறியோடு அழகாக அச்சாகியிருந்தது.

எங்கள் இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

"அப்ப இது செல்லாதா? நம்மளப் பத்தி வேற எங்கயும் கெடைக்கலீங்க தங்கச்சி. அதான் அங்கேருந்து எடுத்தேன். அங்கேருந்து எடுத்ததுன்னு சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா தலையாட்டினார்.

"ஒருத்தருக்கும் தெரியாதுதான் அண்ணை. ஆனா நாங்கள் எழுதினதுக்கு நாங்களே சாட்சி சொல்லக் கூடாது."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, போனிலேயே 'மலரைப் பார்த்தோம், எங்கள் கட்டுரையின் நகல், சான்றாக ஏற்க வேண்டாம்' என்று நீக்கல் விவாதத்தில் எழுதிவிட்டார். கடல் தாண்டி வந்து சொந்தக் கட்டுரைக்கு நாங்களே குழி தோண்டினோம். அப்படியும் செல்வராஜ் அண்ணன் தெருமுனை வரை வந்து எங்களை வழியனுப்பினார். எனக்கு வருத்தம் தாங்கவில்லை.

முடிவைச் சொல்லுமுன், போக நினைக்கிறவர்களுக்கு. தங்குவதற்கு வெள்ளவத்தை நல்லது, தமிழிலேயே காலம் தள்ளலாம். என் அறை இலங்கைப் பணத்தில் ஒரு நாளைக்கு ஏழாயிரம். ஆட்டோவில் ஏறும்முன் விலை பேசுங்கள். கொட்டாஞ்சேனையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதிய வெயிலில் நடக்க முடியாது. உங்களைப் போல எழுதுகிறவர் யாராவது அங்கே இருந்தால் கட்டாயம் சந்தியுங்கள். திரையில் போட்ட சண்டையெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டில் கரைந்துவிடும்.

ஞாயிறு காலை வெள்ளவத்தைக் கடலோரம் பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் ஒலித்தது. கோயம்புத்தூர்க்காரர் எழுதியிருந்தார்: 'கிடைத்த சான்றை நீங்களே வேண்டாம் என்று சொன்னீர்கள். அப்படிப்பட்டவர்கள் மற்றதை இட்டுக்கட்டியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. நேற்று நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன்.' பழைய ஆய்வு நூல்கள் இரண்டிலிருந்து பக்க எண்ணோடு சான்றுகளைச் சேர்த்து, கோரிக்கையையும் திரும்பப் பெற்றிருந்தார். நான் தெருவென்றும் பாராமல் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

உடனே செல்வராஜ் அண்ணனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டோம். விஷயத்தைக் கேட்டு, முதல் பத்தியை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இனி அழிக்க மாட்டாங்களா?"

"ஆரும் வந்து திருத்துவினம் அண்ணை. அழிக்க மாட்டினம்" என்றார் அக்கா.

அந்தப் பக்கத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார் செல்வராஜ் அண்ணன்.

"அப்பா பேரு அதுல இல்லதான்" என்றார். "அவரு செஞ்ச வேல இருக்கே. எம் பேத்திக்கு அதைக் காட்டுவேன்."