ஸ்டெல்லாவின் உயரமும் கோமதியின் ஜெர்சியும்

உடற்கல்வி ஆசிரியை வேலை என்பது பாதி விளையாட்டு, பாதி பிள்ளைகளின் உடம்புக்கு வக்காலத்து வாங்குவது. என்னைப் போலவே கழுத்தில் விசிலோடு வெயிலில் நிற்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பங்கு பிரித்தல்

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. நானும் செல்வம் சாரும் அங்கே விளையாட்டு ஆசிரியர்கள். அவருக்கு வாலிபாலும் கபடியும். எனக்குப் பெண்கள் கால்பந்து. பள்ளி திறந்ததும் அணிக்கு ஆள் எடுப்போம். குதித்தால் வலைக்கு மேலே கை வருகிற பிள்ளைகளை சார் வாலிபாலுக்கு எடுத்துக்கொள்வார். தோளும் தொடையும் திரண்டவர்கள் கபடிக்கு.

ஒன்பதாம் வகுப்பு ஸ்டெல்லா எக்கி எக்கிக் குதித்தும் வலையின் மேல்கயிறு விரலுக்கு எட்டவில்லை. அவள் வகுப்புத் தோழி கோமதி குண்டு எறிதலில் பேர் வாங்கியவள், நல்ல கனம். கபடிக்கு மூச்சுப் பிடிக்காது என்று அவளையும் தள்ளிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மிச்சமெல்லாம் உங்களுதுங்க மேடம், நல்லா வெச்சுப் பொழைங்க."

வளர்த்தி

ஸ்டெல்லா காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். நெட்டையான பிள்ளை ஒரு பக்கம் திரும்புவதற்குள் இவள் மறுபக்கம் போய்விடுவாள். அணி நன்றாகத் தேறி வந்த நேரத்தில் அவள் அம்மா குச்சிக்கிழங்குக் காட்டு வேலையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். மகளை நிறுத்திவிட வேண்டுமாம். வயசுக்கேற்ற வளர்த்தி இல்லை, இருக்கிற சதையும் ஓடியே கரைந்துவிட்டால் என்ன செய்வது என்று கண் கலங்கினார்.

ஸ்டெல்லா என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். கால்பந்தில் குட்டை உடம்பு ஒரு வசதி, சட்டென்று திரும்பலாம், இடித்தாலும் லேசில் விழ மாட்டாள் என்று விளக்கினேன். அவர் கண் முழுக்க அந்தப் பக்கம் வாலிபால் ஆடுகிற நெட்டைப் பிள்ளைகள் மேலேயே இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: "சரிங்க டீச்சர், ஆடட்டும். ஆனா அந்த எட்டிக் குதிக்கிற ஆட்டத்துலயும் கொஞ்ச நேரம் வுடுங்க, வளரட்டும்."

ஒரே அளவு

குண்டான பிள்ளை என்றால் கோலில் நிறுத்திவிடுவது ஊர் வழக்கம். கோமதி மறுத்துவிட்டாள். அவளைத் தடுப்பாட்டத்தில் போட்டேன். அதிகம் ஓட மாட்டாள். பந்து எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே போய் நிற்பாள். தோளோடு தோள் மோதினால் மோதியவள்தான் விழுவாள்.

மாவட்டப் போட்டிக்கு முந்தின வாரம் ஜெர்சி வந்தது, எல்லாம் ஒரே அளவு. கோமதிக்குத் தோளுக்குக் கீழே இறங்கவில்லை. யாரோ சிரிக்க, அவள் மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஸ்டெல்லாவுக்கோ அது முழங்காலைத் தொட்டது. அவள் இரண்டு ஜெர்சியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெய்லர் கடைக்கு நடந்தாள். ஸ்டெல்லாவுடையதில் கழித்த துணியைக் கோமதியுடையதில் இரண்டு பக்கமும் வைத்துத் தைத்துக் கொடுத்தார் டெய்லர். போட்டுப் பார்த்த கோமதி கையை வீசிச் சுற்றினாள். பிறகு சொன்னாள்: "டீச்சர், இப்ப நான் கொஞ்சம் ஸ்டெல்லாவும் சேர்ந்த ஆளுங்க."

தருமபுரியில்

ஜெயித்தால் அடுத்த சுற்று. எதிரணியில் பாதிப் பேர் எங்கள் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். முதல் கார்னரிலேயே தலையால் முட்டி கோல் போட்டுவிட்டார்கள். அதற்கு எங்களிடம் மருந்து கிடையாது. அதன் பிறகு கோமதி யாரையும் தாண்ட விடவில்லை. ஆட்டம் முடியப் போகும் நேரம், அவள் உதைத்த பந்தை எடுத்து ஸ்டெல்லா அந்த அணியின் நெட்டைத் தடுப்பாட்டக்காரியைச் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினாள். சமன். பெனால்டியில் தோற்றோம்.

ஸ்டெல்லா தேம்பித் தேம்பி அழுதாள். கோமதி ஷூவைக் கழற்றாமல் பக்கத்தில் படுத்துக் கிடந்தாள். அந்த நெட்டைப் பிள்ளை எங்களைத் தேடி வந்து, ஸ்டெல்லா முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஜெயித்த முகமாகவே தெரியவில்லை. "ஏம்புள்ள, எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போன நீ? எங்க மாஸ்டர் இன்னும் என்னையத்தான் திட்டறாரு."

ஆக, பிள்ளைகளின் உடம்பைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கிறது, அத்தனை பேருக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு கிடைக்கிற நேரத்தில்தான் நான் கால்பந்து சொல்லித் தருகிறேன்.