வானத்தில் வெடி போட்டது யார்?

போன வெள்ளிக்கிழமை. இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கல்லில் மாவை ஊற்றித் தோசையை இழுத்துக்கொண்டிருக்கிறேன்... டமார்!

சமையலறை ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் தானாகவே குதித்துத் தரையில் உருண்டது. முதலில் சிலிண்டரைத்தான் பார்த்தேன். அது பாட்டுக்குச் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

உப்பளம் பகுதியில் எங்கள் தெரு மொத்தமும் ஏற்கெனவே வெளியேதான் நின்றது. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள், சாப்பிட்ட கையோடு வந்தவர்கள், சோப்பு நுரையோடு வந்த ஒருவர். எல்லார் முகமும் கடல் பக்கம்.

வானத்தில் விளக்குகள்! பொய்யில்லை. ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து வெளிச்சம், கடலுக்கு மேலே வரிசையாக. நட்சத்திரம் மாதிரி மினுக்கவில்லை. விமானம் மாதிரி நகரவில்லை. சும்மா... தொங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கி ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்து முடிந்ததும் இன்னொரு டமார். தெருவில் இருந்த அத்தனை நாய்களும் கத்த ஆரம்பித்தன.

எங்கள் எதிர்வீட்டு சொல்தா ஐயா — பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர் — வானத்தையே முறைத்துப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னிக்கு பதினாலு ஜூலையா?" என்று என்னிடம் கேட்டார். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள் அது; வாணவேடிக்கை விடுவார்கள்.

"அது எப்பவோ போயிடுச்சே ஐயா."

"அப்ப சண்டைதான்" என்று சொல்லிவிட்டு கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கேட்டைப் பூட்டினால் குண்டு வராதா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நாள் முழுக்க யூடியூப் பார்க்கிற என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், விண்கல்லு" என்றார். எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? கல்யாணமான நாளிலிருந்து எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. அவர் எல்லாவற்றையும் அப்பவே சொல்லியிருக்கிறார்.

இதுவரைக்கும் வேடிக்கை. இதற்கு அப்புறம் நடந்ததுதான் கதை.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு ஏழுமலை அண்ணனுடையது. கனகசெட்டிக்குளத்து மீனவக் குடும்பம். சின்ன வயதிலேயே மில்லில் வேலை கிடைத்து டவுனுக்கு வந்துவிட்டவர். இரண்டு மாதமாகப் படுக்கை. ஆஸ்பத்திரியில் "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போய் நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

அவருக்கு ஒரே தம்பி, காசி. ஊரிலேயே இருக்கிறார், கடலுக்குப் போகிறவர். அண்ணனும் தம்பியும் பேசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அண்ணனின் மனைவி சரசு அக்காவுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். "மூச்சு நிக்கிறதுக்குள்ள ஒருக்கா அவன் வந்து எட்டிப் பாத்துட்டா போதும்மா. இவரு வாய்தொறந்து கேக்க மாட்டாரு. ஆனா வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா கண்ணு அங்கதான் போவுது." போன மாதம் என்னைத்தான் தூது அனுப்பினார்.

போனேன். கரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த காசி, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நான் கடல்ல இருக்கச் சொல்ல எங்கம்மா போயிட்டாங்க. பொயல்ல மாட்டி, எங்கியோ கரை ஒதுங்கி, தட்டுத்தடுமாறி வந்து பாத்தா... எல்லாம் முடிஞ்சிபோச்சி. பெத்தவளுக்குக் கொள்ளி வெக்கிறது கடைசிப் புள்ள. அத்த எங்கண்ணன் புடுங்கிக்கினாரு. மீனுக்கு ஐஸு போட்டு வாரக்கணக்கா வெக்கிறோம். எங்கம்மாவ ரெண்டு நாளு வெச்சிருக்க முடியலியா?"

"அதுக்காக உயிரோட இருக்கிறவரைப் பாக்கக் கூடாதா?" என்றேன்.

"செத்தா சொல்லி அனுப்புங்க. வந்து தோள் குடுக்கறேன். உசுரோட இருக்கிறவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

இதற்கு மேல் என்ன பேசுவது? திரும்பி வந்து சரசு அக்காவிடம், "யோசிக்கிறேன்னு சொன்னாரு" என்றேன். அக்கா நம்பவில்லை. நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள்.

தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா? அப்போது ஒரு மினி வேன் வந்து ஏழுமலை அண்ணன் வாசலில் நின்றது. பந்தல் சேகர் இறங்கினான். பின்னாலேயே பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கின. அதற்குப் பின்னால்... ஃப்ரீசர் பெட்டி.

ஐயோ, எப்போது போனார்? சாயங்காலம்கூடப் பார்த்துவிட்டு வந்தேனே! ஓடினேன். வாசலில் சரசு அக்கா, கஞ்சிக் கிண்ணத்தோடு பேயறைந்தது போல நிற்கிறார்.

"இன்னாடா இது?" என்றார் சேகரைப் பார்த்து.

"மனச தேத்திக்க யக்கா. பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?"

"உள்ள அவரு கஞ்சி குடிச்சிக்கினு இருக்காருடா, பாவி!"

சேகர் பெட்டியை அப்படியே பாதியில் விட்டான். நல்லவேளை, மறு முனையைப் பிடித்திருந்தவன் விடவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் வயதானவர் ஒருவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் வெடி போடுவார்கள். ஊர்வலத்தில் மட்டுமல்ல; சில வீடுகளில் உயிர் பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே தெருமுனையில் நாலு வெடி, மேலே போய்க் கலராக வெடிக்கிற மாதிரி. ஊருக்குச் சேதி சொல்வதற்கு. ஏழுமலை அண்ணனின் சொந்தக்காரர் ஒருவர் சேகரிடம், "இன்னிக்கோ நாளைக்கோ, பொட்டியை ரெடியா வெச்சிரு" என்று முன்னாடியே சொல்லிவைத்திருக்கிறார். சேகர் கடைக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. நிமிர்ந்தால் வானத்தில் கலர்! "சரி, அண்ணன் கௌம்பிட்டாரு" என்று வண்டியைக் கிளப்பிவிட்டான்.

வானம் சத்தம்தான் போடுகிறது. அர்த்தத்தை நாம்தான் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறோம். பயந்தவருக்குச் சண்டை, யூடியூப் பார்ப்பவருக்கு விண்கல், பந்தல்காரருக்கு ஆர்டர்.

அந்தப் பெட்டி வாசலில் இறங்கியது அரை நிமிஷம் இருக்குமா? அதற்குள் தெருவில் ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். கும்பிடும் கை பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. "பேனருக்கு அண்ணனோட நல்ல போட்டோ இருந்தா அனுப்பவும்" என்று ஒருவர். அடப்பாவிகளா! அந்த அண்ணன் உள்ளே, "உப்பு பத்தல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் போன் அடித்தது. எடுத்தால் காசி. தூது போன அன்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். போட்டோ அதற்குள் அவர் ஊருக்கும் போய்விட்டது.

"ம்மா... நெசமா?" குரல் உடைந்துபோயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "நான் வண்டி எடுத்துட்டேன். தோ வந்துக்கினே இருக்கேன். நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்கம்மா. உங்க கால்ல உழுறேன். இந்தத் தடவையாச்சும் என்ன உட்டுட்டு எடுத்துடாதீங்க."

"உங்க அண்ணன் நல்லா இருக்கார், தப்பா சேதி வந்திருக்கு" என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால்? வண்டி திரும்பிவிடும். அந்த மனுஷன் வைராக்கியம் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால்? நெஞ்சில் பலமில்லாமல் படுத்திருப்பவர் முன்னால் ஒருவர் மாலையோடு வந்து நிற்பார். நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? சரசு அக்காவைப் பார்த்தேன். போனில் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டார். பேசாதே என்கிறாரா, வரச் சொல் என்கிறாரா? இரண்டும்தான்.

"எடுக்க மாட்டோம்" என்றேன். "நீங்க வாங்க."

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர், "இப்படிப் பொய் சொல்லலாமா?" என்றார். இதில் எது பொய்? எடுக்க மாட்டோம் என்றேன். எடுத்தோமா?

காசி வந்த வேகத்தைப் பார்த்தால் பாதி வழி பிரேக்கே போடவில்லை என்று தோன்றுகிறது. தெருமுனையிலேயே வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு, கையில் ரோஜா மாலையோடு, "அண்ணே... யண்ணே... என்ன உட்டுட்டுப் போயிட்டியேண்ணே..." என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அறுபது வயது மனுஷன். வழிவிட்டு ஒதுங்கினோம். யாருக்கும் குறுக்கே போய்ச் சொல்ல வாய் வரவில்லை. சேகர் இன்னும் ஏற்றாமல் வைத்திருந்த பெட்டியை வாசலில் பார்த்ததும் அதன் மேல் விழுந்து அழுதார். திறந்து பார்த்தால் காலி.

"எங்கண்ணன் எங்க?" என்று அலறினார்.

"உள்ளதான் இருக்கேன். கத்தாத" என்று குரல் வந்தது.

நான் எத்தனையோ அதிர்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். காசி முகத்தில் அன்றைக்குப் பார்த்ததை இதுவரை எங்கும் பார்த்ததில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே தலையணையில் சாய்ந்துகொண்டு ஏழுமலை அண்ணன். தாடையில் கஞ்சி ஒழுகிக்கொண்டிருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"மாலை யாருக்குடா?"

"...உனக்குத்தான்."

"கனமாத்தான் வாங்கியிருக்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். காசிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் பக்கம் திரும்பி, "எடுக்க மாட்டோம்னு சொன்னீங்களேம்மா! எல்லாரும் சேந்து என்ன ஏமாத்துறீங்களா?" என்று கத்தினார். மாலையைத் தரையில் வீசினார். வாசலைப் பார்க்கத் திரும்பியும் விட்டார். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று நான் கையைப் பிசைகிறேன்.

"காசி." அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். அப்புறம் போ."

காசி திரும்பவில்லை. ஆனால் நின்றார்.

"அம்மா செத்த அன்னிக்கு, நீ ஏறிப்போன படகு முழுவிப்போச்சின்னு சேதி. கரையே உன் பேரைச் சொல்லி அழுவுது. உனக்காக யார்ரா காத்திருக்கச் சொல்லுவா? அம்மா வாயில ஒரு பிடி அரிசி போட்டேன். இன்னொரு பிடி அரிசிய எடுத்துக்கினு கடலாண்ட போயி... உனக்குப் போட்டேன்."

காசி இப்போது திரும்பிப் பார்த்தார்.

"மூணாம் நாள் நீ உசுரோட வந்து நிக்கிற. ஏன் எடுத்தேன்னு கேட்டுச் சட்டையப் புடிக்கிற. உசுரோட வந்த தம்பிகிட்ட, உனக்கு வாய்க்கரிசி போட்டுட்டேன்டான்னு எப்பிடிச் சொல்றது? அபசகுனம்னு வாய மூடிக்கினேன். நீ கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருந்தேன், என் கையால போட்ட அரிசி பலிச்சிடுமோன்னு."

சரசு அக்கா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். அவருக்கும் இது புதுச் சேதி. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும்!

காசி தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கட்டிலுக்கு நகர்ந்து போய், அண்ணன் தாடையில் இருந்த கஞ்சியைத் தன் தோள் துண்டால் துடைத்தார். "செத்தான்னு சேதி வந்தவனுக்கு ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. அதான் இத்தனை வருசமா கடலு என்னத் தொடல" என்றார். அவ்வளவுதான். அண்ணன் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை.

சேகர் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். காசி இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. ராத்திரியும் அண்ணன் கட்டிலுக்குக் கீழேதான் படுக்கை. அண்ணனின் உடம்பு? பெரிதாகத் தேறவில்லை. அதில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் வண்டிச் சத்தத்துக்கு இப்போது அவர் கண் வாசலுக்குப் போவதில்லை.

எனக்கு மட்டும் அந்த வெளிச்சம் என்னவென்று தெரியாமல் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இயற்பியல் பாடம் நடத்துகிற தோழி ஒருத்தியைப் பிடித்தேன். "கடலுக்கு மேல விமானப் பயிற்சியா இருக்கலாம்" என்றாள். பாராசூட்டில் தொங்குகிற வெளிச்சக் குண்டுகளைப் போடுவார்களாம். அவைதான் மெல்ல இறங்கி எரிந்து அணையும். சத்தத்தைவிட வேகமாக விமானம் பறந்தால், அது நெருக்கித் தள்ளுகிற காற்று தரைக்கு வரும்போது டமார் என்று கேட்குமாம், கண்ணாடி எல்லாம் ஆடுமாம். "இருக்கலாம்னுதான் சொல்றேன், சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். அதிகாரபூர்வமாக யாரும் வாய் திறந்த மாதிரி தெரியவில்லை.

இதையெல்லாம் நேற்று ஏழுமலை அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். சரசு அக்கா பொறுமையாகக் கேட்டார். அண்ணன் தூங்கிவிட்டார். காசி மட்டும் அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. அந்த ஏரோப்ளேன்காரன் இத்தனை வருசமா எங்க போயிருந்தான்?"