என் அங்கி ஒளிர்ந்த வாரம்

எட்டு வயதில் நான் சரியாக ஏழு நாள் பரிசுத்தவாட்டியாக இருந்திருக்கிறேன். அதன்பிறகு அந்தப் பதவி எனக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. அதைப் பிடுங்கியது பிசாசு அல்ல, என்னைப் பெற்ற அம்மாதான்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்கவேண்டும். அந்தக் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் பரவாயில்லை. என் சடை, என் கணக்கு நோட்டு, நான் சொல்லும் பொய் என்று வீட்டிலும் அதே கண்தான். அம்மாவிடம் நான் ஒரே தடவையில் தேறிய நாள் எதுவும் எனக்கு நினைவில்லை.

ராயபுரத்தில் ஒரு மாடியில் தகரக் கூரை போட்ட சபைக்குப் போவோம். புதிதாக வந்தவர்கள் என்பதால் கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருவோம். அந்த வருடக் கிறிஸ்மஸ் நாடகத்தில் நான் பத்தாவது தேவதூதன். வசனம் கிடையாது, கையை உயர்த்தி நின்றால் போதும். சபையில் ஒன்பது அங்கிகள்தான் இருந்தன, எல்லாம் ஒரு புண்ணியவான் கொடுத்த பழுப்பு வெள்ளைத் துணியில் தைத்தவை. எனக்கு மட்டும் அம்மா பளிச்சென்ற வெள்ளையில் ஒரு கட் பீஸ் வாங்கி, பக்கத்து வீட்டு மெஷினில் தைத்துக் கொடுத்தாள்.

நாடகத்தன்று மாலை, உலகம் இருளில் கிடந்தது என்று பாஸ்டர் சொன்னதும் விளக்கெல்லாம் அணைந்தது. பாலன் பிறந்தார் என்றதும், கல்யாண மண்டபங்களுக்கு லைட் கட்டுகிறவர் கொண்டுவந்திருந்த நீல டியூப் ஒன்று மெல்ல எரிந்தது. ஒன்பது தேவதூதர்கள் இருட்டிலேயே நின்றார்கள். நான் மட்டும் தலையிலிருந்து கால்வரை நிலாத்துண்டு மாதிரி ஒளிர்ந்தேன். யாரோ "ஸ்தோத்திரம்!" என்று கத்தினார்கள். சபையில் பாதிப் பேர் துணியோடேயே பிழைக்கிறவர்கள். ஆனாலும் அன்றைக்கு ஒருவருக்கும் துணி கண்ணில் படவில்லை.

ராத்திரி சோறு போடும்போது அம்மா, "அது துணி மினுங்குதுட்டி," என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஏனென்றால் நாடகம் முடிந்ததும் அவளை முன்வரிசைக்கு அழைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். திருப்பூரில் அம்மாவுக்கு யாரும் நாற்காலி போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றே எங்கள் பின்சந்தில் குடியிருந்த ஓர் அக்கா, நாலு வயது மகனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருந்தாள். பையனுக்கு அடிக்கடி வலிப்பு வரும். "எம்பட பையன் தலைமேல கைய வெச்சு ஒரு செபம் பண்ணு சாமி," என்றாள். நானும் பாஸ்டர் செய்வதுபோலக் கண்ணை இறுக்கிக்கொண்டு, கையை நடுங்கவைத்துச் செபித்தேன். அந்த வாரம் தெருவில் நான் யாரோடும் பாண்டி விளையாடவில்லை. என் தகுதிக்கு அது சரியாகப்படவில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரம். ஆண்டவர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். அந்த அக்கா எழுந்தாள்.

"ஒரு வாரமா பையனுக்கு வலிப்பே வரலீங்க. அந்தப் புள்ள மேல ஆண்டவரே வெளிச்சமா எறங்கியிருக்காருங்க. மூணு நாளா மாத்திரைய நிறுத்திப்போட்டனுங்க. இனி எதுக்குங்க மாத்திரை?"

சபையே கைதட்டியது. நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டேன். பக்கத்தில் அம்மா எழுந்தாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள். என்னைப் பற்றித்தான் சொல்லப்போகிறாள் என்று பூரித்துப்போனேன். என்னைப் பற்றித்தான் சொன்னாள்.

"பாஸ்டரய்யா, சன்னலை அடைச்சுட்டு அந்த நீல டியூபை ஒருக்கா போடச் சொல்லுங்க."

புதுவருட ஆராதனைக்காக டியூப் அங்கேயே கட்டிக் கிடந்தது. போட்டார்கள். அம்மா, கைக்குட்டையாகப் பையில் வைத்திருந்த, என் அங்கியில் மிஞ்சிய துண்டுத் துணியை எடுத்து அதன் கீழே பிடித்தாள். துண்டு அதே நிலா வெளிச்சத்தில் ஒளிர்ந்தது.

"வெள்ளைத் துணிக்குப் போடுத ஒயிட்னர் இது, இந்த லைட்டு பட்டா மினுங்கும். எங்க கம்பெனி லேபுல இந்த லைட்ட வச்சுதான் பாக்காவ. எம்மவ மேல ஒண்ணும் எறங்கல. நேத்துகூட எங்கிட்ட பொய் சொன்னவ அவ." யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். நாற்காலி போட்டாங்கன்னு வாய மூடிட்டு இருந்துட்டேன். அது எம்மேல உள்ள பழுது. ஆண்டவரு வெளிச்சம்னா பழுதத்தான மொதல்ல காட்டணும்? அக்கா, ஒங்க காலப் புடிக்கேன், மாத்திரைய நிறுத்திராதீங்க."

பாஸ்டர் மெதுவாக "ஆமென்" என்றார். அந்த அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பாராமல் இறங்கிப் போனாள். எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆண்டவருடைய வெளிச்சம் என்று யாராவது சொன்னால், கையில் துணித் துண்டோடு நின்ற அம்மாதான் எனக்கு நினைவுக்கு வருகிறாள். அவள் மகள் நான் என்பதில் எனக்கு இன்றுவரை தலைகொள்ளாத பெருமை.

அன்றைக்கு அப்படியில்லை. பத்து நாள் அம்மாவோடு பேசவில்லை. அவளும் என் தண்டனையைச் சபையோடு நிறுத்தவில்லை. மறுநாளிலிருந்து கம்பெனிக்குப் போகும் வழியில், என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பின்சந்து வழியாகச் சுற்றிப்போனாள். "அக்கா, மாத்திரை குடுத்தாச்சா?" என்று வாசலில் நின்று கேட்பாள். முதல் இரண்டு நாள் கதவு திறக்கவில்லை. அம்மா ஷிஃப்டுக்கு நேரமாகியும் நின்றாள். மூன்றாம் நாள் கதவு திறந்தது. "குடுத்துட்டனுங்க," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

தினமும் அந்த வாசலில் என் மானத்தை வாங்கத்தான் அம்மா போகிறாள் என்று நான் நம்பினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்து முனையில் நிற்பேன். பையன் படிக்கு ஓடிவந்து, வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டுவான். அம்மா குனிந்து அவன் வாய்க்குள் பார்த்துவிட்டுத் தலையைத் தடவிக்கொடுப்பாள். என்னைப் பழித்துக் காட்டுகிறான், அம்மாவும் அதற்குத் துணைபோகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் விடவில்லை. அரைப் பரீட்சை லீவு முடியும்வரை, ஒரு நாள் தவறாமல் அவனுக்கு நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன்.