இராஜம்மா தன் வண்டியை இன்சூர் செய்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் பக்கம் குடியிருந்தவர் எவரும் இராஜம்மாவைத் தெரியாது என்று சொல்ல முடியாது. சொன்னால் அவருக்கு ஆப்பம் பிடிக்காது என்று அர்த்தம். தள்ளுவண்டியின் ஒரு பக்கம் கரி அடுப்பு, மறு பக்கம் மாவுப் பானை, நடுவில் தேங்காய்ப்பால் தூக்கு. வேலைக்குப் போகிறவர்கள் முகம் கழுவும் நேரத்துக்கு அவள் தெரு முக்கில் வந்து நின்றிருப்பாள். ஆப்பம் ஓரம் முறுகி, நடுவில் பூப்போல இருக்கும். பேச்சு மட்டும் அளந்துதான் வரும்.

வண்டி அவளுடையது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது அவள் புருஷனுடையது. அவர் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன், எனக்கென்ன? அய்யாவு.

அய்யாவு ரயில்வேயில் கூலியாக இருந்தவர். ரப்பர் விலை விழுந்து நாடே படுத்துக்கொண்ட வருஷத்தில் அவருக்கும் வேலை போனது. கடைசியாகக் கிடைத்த சம்பளத்தைப் போட்டு வண்டி செய்தார், தன் பெயரில் லைசென்ஸ் எடுத்தார். லைசென்ஸ் என்றால் எண் பொறித்த ஒரு தகரத் தட்டு, அவ்வளவுதான். வருஷா வருஷம் எண்ணைச் சொல்லிக் கட்டணம் கட்டினால் போதும், யார் என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆறு மாதம் ஆப்பம் விற்றுப் பார்த்தார். அதற்குள் வேலையில்லாதவர்களை அரசாங்கமே இலவசமாகக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புவதாகச் செய்தி வந்தது.

"பங்கு நெலத்தப் பிரிச்சிக் குடுத்துட்டு வந்துடறேன். வண்டியப் பாத்துக்க. தைக்கு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்தத் தை என்று இராஜம்மா கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று தை போனது. ஊருக்குப் போய்த் திரும்பிய தம்புசாமி என்ற, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்தான் சேதி கொண்டுவந்தார். அய்யாவு நன்றாக இருக்கிறார், புதுப் பெண்டாட்டி கட்டியிருக்கிறார், இடுப்பில் ஒரு பையன். தம்புசாமி இதை இராஜம்மாவிடம் சொல்லத் துணியவில்லை. பக்கத்து வீட்டு வீரம்மாவிடம் சொன்னார். வீரம்மா இராஜம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சொன்னாள். கேட்டவள் அழவில்லை, அடுப்பில் கரி போடப் போய்விட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். இந்த ஊர் வாய் தானாகவே மூடிக்கொண்டது. கொடுமை அதுதான். தண்ணீர்க் குழாயடியில் புருஷன்மாரைத் திட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள் இராஜம்மாவின் குடத்தைக் கண்டதும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். வீரம்மாவும் காய்ச்சல்காரியிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். ஒரு சண்டைக்காவது வரக்கூடாதா என்று இராஜம்மாவுக்கு ஏக்கமாக இருந்தது. பிறகு அவள் குழாயடிக்குப் போகும் நேரத்தையே மாற்றிக்கொண்டாள்.

முன்பெல்லாம் இருவரும் இணைபிரியாதவர்கள். பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது நம் பெண்களின் நம்பிக்கை. ஆஸ்பத்திரியிலோ வேறெங்கோ புருஷன் பெயரைக் கேட்டால், கூட வந்தவள்தான் சொல்லவேண்டும். இராஜம்மா புருஷன் பெயர் வீரம்மா வாயிலும், வீரம்மா புருஷன் பெயர் இராஜம்மா வாயிலும் பத்திரமாக இருந்தன. அந்தச் சேதி வந்த பிறகு இருவரும் சேர்ந்து எங்கும் போவதில்லை.

இப்படி இருக்கும்போது கிள்ளானில் அவளுடைய சித்தி மகள் தனலெட்சுமியின் புட்டு வண்டிமேல் லோரி ஏறியது. பாசாரில் மூட்டை இறக்கிவிட்டுப் பின்பக்கமாக நகர்ந்து வந்த லோரி. தனலெட்சுமி தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் உயிர் தப்பினாள். வண்டி சிராய் சிராயாகப் போயிற்று. லோரிக்காரன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. இராஜம்மா போய்ப் பார்த்தபோது அவள் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கேரி தீவு ரப்பர் தோட்டத்துக்கு மறுபடியும் பால் வெட்டப் போகிறாளாம். தோட்டத்து லயத்தில் பிறந்து, கங்காணியின் கூச்சலில் வளர்ந்தவள் இராஜம்மா. அங்கே திரும்பிப் போவதைவிடச் சாகலாம் என்று நினைப்பவள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே பயம். இந்த வண்டி போனால் தனக்கும் அதே கதிதான், தூக்கிவிட ஒரு ஆள் இல்லை.

மறுநாள் காலையில் வாடிக்கையாக ஆப்பம் தின்ன வரும் ராதாகிருஷ்ணனிடம் வாயைத் திறந்தாள். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற இளைஞன் அவன்.

"தம்பி, இந்த இன்சூரன்சு எல்லாம் தொரைமாரு காருக்கு மட்டுந்தானா?"

அவனுக்கு ஆப்பம் தொண்டையில் நின்றது. இவளாக ஒரு வார்த்தை பேசியதே அதிசயம்.

"ஒங்க வண்டிக்கும் போடலாம்க்கா. லோரி இடிச்சாலும் குடுப்பாங்க, அடுப்புத் தீ புடிச்சாலும் குடுப்பாங்க. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாங்க, எழுதிடலாம்."

வெள்ளிக்கிழமை இராஜம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, தகரத் தட்டைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் கடைவீதியில் மாடிப்படி ஏறினாள். ராதாகிருஷ்ணன் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். அவள் பெயர், வீடு, தொழில், அடுப்பு எப்படிப்பட்டது, எல்லாம் கேட்டு எழுதினான்.

"வண்டி யாரு பேருல இருக்கு?"

"அவங்க பேருல."

"எவங்க?"

"எங்க வீட்டுக்காரங்க."

"அவரு பேரு?"

இராஜம்மா பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினாள். அங்கே ஒரு காலி நாற்காலிதான் இருந்தது. மூலையில் ஒரு சீனக் கணக்கர் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அய்யாவு யார் என்று எப்படித் தெரியும்? இவ்வளவு பெரிய ஊரில் தனக்காக அந்தப் பெயரைச் சொல்ல ஒருவரும் இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் முழுதாக உறைத்தது. மூன்று தை போனபோதுகூட இவ்வளவு தனியாக அவள் இருந்ததில்லை.

ராதாகிருஷ்ணனுக்குப் புரிந்தது. அவனுக்கும் அம்மா உண்டு. "கூட யாரும் வரலியாக்கா? எழுதிக் காட்டுறீங்களா?" என்றான். அவளுக்கு எழுதத் தெரியாது. அவனே குரலைத் தாழ்த்தினான்.

"அவரு இங்க இல்லியாக்கா?"

"இல்ல."

"ரொம்ப நாளாவா? அப்ப ஒண்ணு செய்யலாம். காலமாயிட்டாருன்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சொன்னாப் போதும், நான் ஆள வச்சு லைசென்ஸ ஒங்க பேருக்கு மாத்திடறேன். ஊருக்குப் போனவங்க வரலன்னா நெறைய பேரு அப்படித்தான் செய்யறாங்க."

அவன் நல்லதுதான் நினைத்தான். இராஜம்மா எழுந்து படியிறங்கிவிட்டாள்.

கீழே கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் தூணோரம் நின்றாள். சாட்சிக்கா பஞ்சம்? தம்புசாமி வருவார், வீரம்மா புருஷன் வருவார். இரக்கப்பட்டே பொய் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு இவள் வெள்ளைச் சேலை கட்டி, இன்னும் கொஞ்சம் இரக்கத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். எத்தனையோ முறை அந்த மனிதன் செத்துத் தொலையட்டும் என்று அடுப்படியில் சபித்தவள்தான். ஆனால் உயிரோடு இருக்கிறவனைப் பிணமாக்கி, அதற்குத் தானே தாலியறுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பெயரைச் சொல்வதா என்று யோசித்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னால் ஆயுசு குறையும். சரி, இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு யாருக்கு ஆயுசைக் கூட்டினோம்? எவளோ ஒருத்திக்குப் புருஷனாக இருக்கவும், எவளோ பெற்ற பிள்ளைக்கு அப்பனாக இருக்கவும் அல்லவா?

மறுபடி படியேறினாள். உட்காரவில்லை.

"அய்யாவு" என்றாள்.

அந்த வார்த்தையை அவள் காதே இதற்குமுன் அவள் குரலில் கேட்டதில்லை. இடி விழவில்லை. சீனக் கணக்கர் தலை நிமிரவில்லை. ராதாகிருஷ்ணன் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல எழுதினான். ஒன்றுமே நடக்கவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீரம்மா கையைப் பிடித்த அன்று வராத அழுகை அந்த ஆபீசில் வந்தது.

"அவரு சாகல தம்பி. ஊருல இருக்காரு. வேற பொண்டாட்டி, புள்ள. இனிமே வரமாட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் தெரியும். நான்தான் இன்னும் யாருகிட்டயும் சொல்லல" என்றாள்.

ராதாகிருஷ்ணன் பேனாவை வைத்துவிட்டான். சொல்லவும் சங்கடம், சொல்லாமலும் முடியாது.

"அப்படின்னா வண்டி அவரோடதுக்கா. அவரு கையெழுத்துப் போடாம கம்பெனி எடுக்காது."

"அப்ப அந்த வண்டி அவருக்கே இருக்கட்டும்" என்றாள் இராஜம்மா.

காதில் கிடந்த தோடு போனது. சீனத் தச்சர் ஒருவர் புது வண்டி செய்துகொடுத்தார். பழைய சக்கரம் கெட்டியாகத்தானே இருக்கிறது, அதையே மாட்டிவிடுகிறேன் என்று அவர் மலாயில் எவ்வளவோ சொல்லியும் இவள் கேட்கவில்லை. தகரத் தட்டை லைசென்ஸ் கொடுக்கும் போர்டு ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் பெயருக்குப் புதிதாக ஒன்று வாங்கினாள். தாலியைக் கழற்றினாளா என்று கேட்பீர்கள். இல்லை. விடியுமுன் தெருவில் தனியாக வண்டி தள்ளுகிறவளுக்கு அது ஒரு வேலி. கல்லானாலும் கணவன் என்பதெல்லாம் அதில் இல்லை.

ராதாகிருஷ்ணன் இன்சூரன்ஸ் பத்திரத்தை வண்டிக்கே கொண்டுவந்து கொடுத்தான். அவனுக்கு முட்டை ஆப்பம் ஊற்றினாள். தின்றுகொண்டே அவன் வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னான்.

"இனிமே பயமில்லக்கா. வண்டிக்கு எதாச்சும் ஆச்சுன்னா ஒடனே ஆபீசுக்கு ஆள் அனுப்புங்க."

இராஜம்மா கரண்டியை நிறுத்தினாள். யாரை அனுப்புவது என்று யோசித்துப் பார்த்தாள். குவாட்டர்ஸ் வரிசையில் ஒவ்வொரு கதவாக மனதுக்குள் தட்டிப் பார்த்தாள். பிறகு சட்டியை மூடினாள்.

"ஆளு எதுக்கு தம்பி?" என்றாள். "நானே வரேன்."