மட்கார்டுக்குள் ஓர் உபயம்

போன வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல புழுக்கம். தலைக்கு மேலே புது ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒருவர் எழுந்து போய் சுவிட்சை அணைத்தார். ஃபேன் கெட்டுப்போகவில்லை. அவருடைய மச்சான் சித்தியவானிலிருந்து வந்திருந்தார், அவ்வளவுதான். ஃபேன் ஓடினால் அதில் எழுதியிருப்பதை மச்சான் எப்படிப் படிப்பார்?

முதல் இறக்கையில் ‘உபயம்’. இரண்டாவதில் அவர் பெயர். மூன்றாவதில் ‘குடும்பத்தினர்’. மச்சான் அண்ணாந்து பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை நாங்கள் அத்தனை பேரும் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் முனகினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. ஒரு சைக்கிள் ஞாபகம்...

லகாட்டில் சைக்கிள் கடையில் வேலை செய்கிறவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை. நாலு பேர் முன்னால் வாய் வராது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கோயில் கமிட்டி, பழைய சைக்கிள்களை வாங்கிச் சீர் செய்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது. சீர் செய்ய யார்? மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள் யாரோ, அவன்தான்.

வந்து சேர்ந்தவற்றைச் சைக்கிள் என்று சொல்ல மனசு பெரிசாக இருக்க வேண்டும். ஒன்றின் கூடையில் கோழி முட்டையிட்டிருந்தது. கோழியும் பின்னாலேயே வந்துவிட்டது.

லோரி காண்ட்ராக்டர் அண்ணாமலை அண்ணே கொடுத்தது இன்னும் விசேஷம். செயின் இல்லை. பெடல் ஒன்றுதான். சீட்டில் வெறும் கம்பி. ஆனால் ஒரு துண்டுக் காகிதம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வந்தது — ‘உபயம்: லோரி காண்ட்ராக்டர் அண்ணாமலை மற்றும் குடும்பத்தினர்’.

“தம்பி, செயின் கவர்ல பெருசா போடு. பின்னால கார்ல வர்றவனும் படிக்கணும்லா.”

“செயின் கவர் பக்கவாட்டுல இருக்குண்ணே...” என்று சொல்ல நினைத்தேன். தலை அதற்குள் ஆடிவிட்டது.

அந்தச் சைக்கிள் பூங்கொடிக்கு என்று முடிவாகியிருந்தது. உள்ளே ரப்பர் தோட்டத்தில் இருந்த பெண். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். அடுத்த பள்ளிக்கூடம் டவுனில், ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல் தூரம். அப்பா இல்லை. அம்மா பால்மரம் வெட்டுகிறவர். சைக்கிள் கிடைத்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் அம்மாவோடு ரப்பர் பால் பிடிக்கிற மங்கு துடைக்கப் போக வேண்டியதுதான்.

சீட்டு உயரம் பார்க்க, சைக்கிள் கொடுக்கிற விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கொண்டுபோனேன். மணியை அடித்துப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு செயின் கவரைப் படித்தாள். சிரிப்பு போய்விட்டது.

“மாமா, இது வேணாம்.”

“ஏம்மா?”

“இதுல போனா ஸ்கூல்ல எனக்குப் பேரே உபயம்னு வச்சிருவாங்க.”

அம்மாவுக்கு வந்ததே கோபம். “சும்மா கிடைக்குது, அதுக்குப் பேச்சப் பாரு. வேணாம்னா போ. நாளைக்கு எங்கூட மங்கு துடைக்க வா.”

“வாரேன்.”

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே போவாள். கூச்சம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்க வெட்கப்பட்டு வெறும் சோற்றை விழுங்கியவன் நான்.

அண்ணாமலை அண்ணனிடம் போய்ப் பெயர் வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை. அவளைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல மனசு இல்லை. வாயும் மனசும் கைவிட்டால் மனிதன் என்ன செய்வான்? திருட்டுத்தனம்தான் செய்வான்.

எண்ணெய்ச் சாயத்தைச் சுரண்டி எடுத்தேன். அதே இடத்தில், அதே எழுத்தை, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் கரைத்து எழுதினேன். பார்வைக்கு இன்னும் பளிச்சென்று இருந்தது. பேராக்கில் மழைக்கா பஞ்சம்?

விழாவன்று பூங்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரே ஒரு மழை வரைக்கும் பொறுத்துக்கோம்மா” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். செயின் கவரை விரலால் தேய்த்தாள். விரல் வெள்ளையானது. விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பிச் சிரித்தாள்.

தோட்டத்துக் கோயில் முன்னால் ஐந்து சைக்கிள்கள் மாலையோடு நின்றன. அண்ணாமலை அண்ணே தன்னுடையதைப் போட்டோக்காரர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

மழையைக் கணக்குப் பார்த்த நான் பூசாரியை மறந்துவிட்டேன். நம் ஆட்கள் வண்டி என்றால் பூசை போடாமல் விடுவார்களா? குங்குமம் வைத்தார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார், அப்புறம் மாவிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கினார். தாராள மனசுக்காரர். நன்றாகவே தெளித்தார்.

முதலில் ‘உபயம்’ போனது. அடுத்து ‘காண்ட்ராக்டர்’ கால் நீட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

“என்ன தம்பி, பேரு ஒழுகுது?”

நான் பெடலைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அண்ணே கோபக்காரர். கோயிலுக்குக் கொடுத்த நாற்காலிகளை ஒரு தடவை அதே லோரியில் திருப்பி ஏற்றிக்கொண்டு போனவர். லோரி அன்றைக்கும் பக்கத்திலேயே நின்றது.

“சாயம் இன்னும் காயலைங்க ஐயா. வெயில்ல ஒரு ரவுண்டு ஓட்டுனா காஞ்சிரும்.”

பேசியது பூங்கொடி. யாரும் சரி என்று சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பூசாரி திருப்தியாகத் தலையாட்டினார். சைக்கிள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் போய் மறைந்தது.

லயத்துக்குப் பின்னால்தான் பொதுக் குழாய் இருக்கிறது. அது அண்ணனுக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது செயின் கவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணே தடவிப் பார்த்தார். “காத்துல பறந்துருச்சு போல. தம்பி, இந்தத் தடவை அழியாத சாயமா போட்டுக் கொடு.”

“சரிண்ணே.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நல்ல எண்ணெய்ச் சாயம், இரண்டு கோட்டிங், ‘குடும்பத்தினர்’ உட்பட ஒரு எழுத்து விடவில்லை. இடத்தைத்தான் கொஞ்சம் மாற்றினேன். பின் மட்கார்டுக்கு உள்பக்கம்.

அண்ணே பார்க்கும்போதெல்லாம் கேட்பார். “பேரு இருக்கா?”

“இருக்குண்ணே. அப்படியே இருக்கு.”

பொய் சொல்லவில்லையே? படுத்துப் பார்த்தால் தெரியும். அண்ணனுக்குத் தொந்தி விடாது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துருப்பிடித்த ஃபிரேம் இல்லாவிட்டால் பூங்கொடி பள்ளி முடிக்கிற ஐந்தாம் படிவம் வரை போயிருக்க முடியாது. கொடுக்கிறவருக்குப் பெயர் மேல் ஆசை இருக்கட்டும். ஆனால் அதைத் தினமும் ஐந்து கட்டை மிதிப்பது யார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

இப்போது அந்தச் சைக்கிள் இன்னொரு பிள்ளையிடம் இருக்கிறது. பஞ்சர் ஒட்ட என்னிடம்தான் வரும். கவிழ்த்துப் போட்டுப் பின் சக்கரத்தைக் கழற்றியதும் அண்ணே பெயர் பளிச்சென்று தெரியும்.

இந்த வட்டாரத்திலேயே அவர் பெயரை முழுசாகப் படிக்கிற ஒரே வாசகன் நான்தான் — அதுவும் காற்று இறங்கினால் மட்டும்.