மாப்பிள்ளையை ஏறி உட்காரச் சொன்ன நாள்

வீல் அலைன்மென்ட் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் டிகிரி. படித்தது பத்தாவதோடு சரி. ஆனால் வாயைத் திறந்தால் எதையும் டிகிரியில்தான் சொல்வார். சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் இரண்டு டிகிரி, மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாற்பத்தைந்து. இருபத்தாறு வருடமாகச் சக்கரங்களை நேராக்கி வரும் தம்மைத் தவிர, உலகத்தில் மற்ற எல்லாமே கொஞ்சம் கோணல் என்பது அவருடைய முடிவு.

கடையில் அவர் வைத்ததுதான் சட்டம். வண்டியை லிஃப்டில் ஏற்றி நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டியதும், வண்டிக்காரர் எவராக இருந்தாலும் "ஏறி உக்காருங்க" என்பார். "ஓட்டுற ஆள் உள்ள இருக்கும்போது எடுத்தாதான் அது அளவு. காலி வண்டியா ரோட்டுல போகுது?" டாக்டர், வக்கீல், தலைமையாசிரியர் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்களைப் போல அசையாமல் இருந்திருக்கிறார்கள். "நேரமில்லை" என்று இழுத்த ஒரு நீதிபதியைக்கூட, "அப்ப வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பி வைத்தவர். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

இப்பேர்ப்பட்ட புலி மாப்பிள்ளையைக் கண்டால் பூனையாகிவிடும்.

அந்த மாப்பிள்ளைக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. காரின் ஸ்பிரிங்குகளை மாற்றி மூன்று அங்குலம் தாழ்த்தினார். கார் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. நிற்கும்போது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் நிற்கவைத்துப் பார்க்கவா கார் வாங்குகிறார்கள்? வேகத்தடை வந்தால் அடிப்பக்கம் கரகரவென்று உரசியது. அதற்கு மாப்பிள்ளையின் மூளை கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு வேகத்தடையிலும் மனைவியை இறக்கி நடக்கவிடுவது. கனம் குறைந்தால் வண்டி எழும்புமாம். இருவரும் வேலைக்குப் போகும் வழியில் பதினோரு வேகத்தடை. போக வர இருபத்திரண்டு முறை டிகிரியின் மகள் இறங்கி நடந்து ஏறினாள். அவளுக்கும் நன்றாக ஓட்டத் தெரியும். ஆனால் "தாழ்த்துன வண்டிக்கு ஒரு பக்குவம் வேணும்" என்று மாப்பிள்ளை சாவியைக் கொடுப்பதில்லை.

தாழ்த்திய காரில் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும். டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இதையெல்லாம் சரிசெய்வது டிகிரிக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாப்பிள்ளை வண்டியைக் கொண்டுவந்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். ஃபேன் காற்று நேராக விழும் இடத்தில், கடையிலிருந்த ஒரே மெத்தை நாற்காலியைப் போட்டார். டீ வரவழைத்தார்.

"நீங்க சிரமப்படாதீங்க மாப்பிள்ளை. உக்காருங்க, நான் பாத்துக்கறேன்."

மற்ற வண்டிக்காரர்களைப் போல மாப்பிள்ளையையும் லிஃப்டில் ஏற்றி உட்காரவைப்பதா? அதோடு மாப்பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் இருப்பார். கொஞ்சம் என்பது டிகிரி வீட்டு அளவு. "அவர் உடம்பப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது" என்று, அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றே மனைவி உத்தரவு போட்டிருந்தாள். டிகிரி காலி வண்டியிலேயே சக்கரச் சாய்வை நிமிர்த்தும் கேம்பர் போல்ட் மாட்டினார், சக்கரத்தைத் திருப்பும் டை ராடைத் திருகினார். மிஷின் திரையில் எல்லா எண்ணும் சரி என்று பச்சையாக மின்ன, "ஊசி மாதிரி போகும் மாப்பிள்ளை" என்றார்.

ஊசி ஒரே மாதத்தில் திரும்பி வந்தது. டயரின் உள் ஓரம் வழுக்கையாகிவிட்டது, வண்டியும் டிரைவர் பக்கமாக இழுத்தது. மறுபடியும் மெத்தை நாற்காலி, டீ, காலி வண்டி, பச்சை. "ரோடு சரியில்ல மாப்பிள்ளை" என்று பூசி மெழுகினார். மாப்பிள்ளையோ, "மாமா மிஷின் ரொம்பப் பழசு" என்று போகிற இடமெல்லாம் சொல்லி மாமனாரின் மானத்தைக் கப்பலேற்றினார்.

அடுத்த மாதம் பாலத்தின்மேல் முன் டயர் வெடித்தது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. மாற்று டயரோடு நேரே கடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வழக்கம்போல மெத்தை நாற்காலிக்குப் போனார். மகள் வெடித்த டயரை உருட்டிக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் போட்டாள். உள் ஓரத்தில் கம்பி பல்லிளித்தது. டிகிரி குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். என்ன தப்பு என்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"ஊர்ல எல்லாரையும் வண்டில ஏறி உக்கார சொல்றீங்க. இவர மட்டும் ஏம்ப்பா நாற்காலில உக்கார வைக்கறீங்க?"

"அது வந்தும்மா... மாப்பிள்ளைய எப்படி..."

"நூத்திப் பதினாலு கிலோ" என்றாள் மகள். கடையில் காத்திருந்த நான்கைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "இவர் உக்காந்தா அந்தப் பக்கம் எவ்வளவு இறங்கும்னு உங்களுக்கா தெரியாது? காலி வண்டிலயா நான் போறேன்?"

"என்ன மாமா இது, நாலு பேர் முன்னாடி..." என்று மாப்பிள்ளை எழுந்தார்.

மகள் விடவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியும் இதேதான்ப்பா. ஒண்ணையும் கேக்கல. கேட்டா தப்பா நினைப்பாங்கன்னு காலியா வச்சு அளந்துட்டு, எல்லாம் பச்சைன்னு என்னை அனுப்பிட்டீங்க."

 டிகிரியின் நாக்கு மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தத்தான் பழகியிருந்தது. டயர்க் கம்பியைப் பார்த்தார். மகளுடைய செருப்பைப் பார்த்தார். குதிகால் தேய்ந்து தரை தெரிந்தது.

"ஏறி உக்காருங்க" என்றார். மாப்பிள்ளை என்ற சொல்லைச் சேர்க்கவில்லை.

மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். டிரைவர் பக்கம் அமிழ்ந்தது, திரையில் பச்சையெல்லாம் சிவப்பானது. அசையவிடாமல் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துப் போல்ட்டையும் ராடையும் மறுபடி திருகினார். இந்த முறை டீ வரவில்லை.

வேலை முடிந்து கார் கிளம்பியது. கடை வாசலை ஒட்டியே ஒரு வேகத்தடை. கார் நின்றது. பழக்கதோஷத்தில் மகள் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

டிகிரி கையிலிருந்த ஸ்பேனரோடு வேகமாக நடந்து போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

"அவ எதுக்கு இறங்கணும்? ஐம்பது கிலோதான் இருப்பா. நீங்க இறங்குங்க."

"மாமா, இப்பத்தானே எனக்குன்னு அளவு வச்சீங்க!"

"அத அவ கனத்துக்கு நான் மாத்தி வச்சுக்கறேன். இனிமே அவதான் ஓட்டுவா."

மாப்பிள்ளை இறங்கினார். மகள் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டாள். கார் துளிகூட உரசாமல் வேகத்தடையைத் தாண்டியது. மாப்பிள்ளை பின்னால் நடந்து போனார்.