மேனேஜர் கொடுத்த ரெஸ்ட்

போன வாரம் மேனேஜர் என்னைத் தம் அறைக்கு அழைத்து, டீ வரவழைத்துக் கொடுத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. துபாயில் எந்த மேனேஜர் சும்மா டீ கொடுப்பார்?

"கைக்குழந்தையோட ரொம்பக் கஷ்டப்படுறீங்கம்மா. வீட்ல ரெஸ்ட் எடுங்க. நாளைக்கு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் கொண்டாந்துடுங்க, போதும்" என்றார்.

உருகிவிட்டேன்.

பிரசவ லீவு முடிந்து திரும்பியதிலிருந்து எனக்குக் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இன்வாய்ஸ் அடிக்கும்போது வரும். பிரிண்டர் பக்கத்தில் நிற்கும்போது வரும். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனச்சோர்வு, சரியாகிவிடும் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். மறைப்பது தப்பில்லையா என்று ஆபீஸில் நானே போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து மேனேஜர் தினமும் எல்லோர் முன்னாலும், "என்ன மேடம், இன்னிக்கு மழையா, வெயிலா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மரியாதைக்கு நானும் சிரிப்பேன். அப்படிப்பட்டவர் ரெஸ்ட் கொடுக்கிறாரே!

சாயங்காலம் அஜ்மானில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் கார் லிஃப்டில், அதாவது நாலைந்து பேர் சேர்ந்து போகும் வாடகை வண்டியில், பெருமையாகச் சொன்னேன். பக்கத்து சீட் பரீதா ராத்தா கீழக்கரைக்காரர்; அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். வேறொரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை. முறைத்தார்.

"என்ன லெட்டர்டி?"

"ராஜினாமா மாதிரி ஒண்ணு... சும்மா ஃபார்மாலிட்டிக்குன்னார், ராத்தா."

"அடி கூறுகெட்டவளே! இது ரெஸ்ட் இல்லடி, கல்தா! நீயா எழுதிக் கொடுத்தா நீயாப் போனதா ஆயிடும். அவங்க அனுப்பினா, ஏன் அனுப்பினீங்கன்னு லேபர் ஆபீஸ்ல கேப்பாங்க. அழுவுறதெல்லாம் ஒரு காரணமா?"

"நல்ல இங்கிலீஷ்ல எழுதியே முடிச்சிட்டேன் ராத்தா... நன்றி கூடச் சொல்லியிருக்கேன்."

வண்டி முழுக்கச் சிரித்தது. நானும்தான் — இந்த முறை மரியாதைக்கு அல்ல.

ஆனால் மனதுக்குள் கணக்குப் போட்டேன். என் சம்பளம் நின்றால் நானும் குழந்தையும் ஊருக்கு. என் வீட்டுக்காரர் பழையபடி பேச்சிலர் ரூமுக்கு. அவ்வளவுதான் குடும்பம்!

மறுநாள் பாத்ரூம் கண்ணாடி முன் வீராவேசமாக ஒத்திகை பார்த்தேன். மேனேஜர் முன் வாயில் வந்தது இதுதான்:

"சார், ப்ளீஸ்... நீங்களே என்னை டெர்மினேட் பண்ணிடுங்க. காரணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க."

பேனாவை எடுத்தார். "வேலையில..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். என் வேலையில் அவர் தப்புக் கண்டுபிடித்ததே இல்லை. கடைசியில், "அழுவுறீங்கன்னு எப்படிம்மா எழுதறது?" என்று என்னிடமே கேட்டார்!

பாவமாக இருந்தது. நாமே நல்ல வாக்கியமாக எழுதிக் கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கலாஸ், முடிஞ்சுது, விடுங்க. போய் வேலையைப் பாருங்க."

வந்துவிட்டேன். தடித்தனமாகப் பேசிவிட்டேனோ, இன்னொரு 'ப்ளீஸ்' சேர்த்திருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறேன். மழை வெயில் விசாரணை மட்டும் நின்றுவிட்டது.

நம்மில் பலரை யாரும் வேலையை விட்டுத் தூக்குவதில்லை. அன்பாகக் கேட்கிறார்கள்... நாமே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம்.

இன்று காலையும் அழுகை வந்தது. வரட்டுமே — சம்பளத்தோடு அழுவது எவ்வளவோ தேவலை!